முதுகெலும்பில் ஒளிரும் புள்ளி... புற்றுநோய் பரவல்தானா? எலும்பு ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்!

முதுகுவலி வராத வீடே கிடையாது. தண்ணீர்க் குடம் தூக்கினாலும் வரும். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் வரும். டூவீலரில் மேடு பள்ளம் பார்க்காமல் போனாலும் வரும். தைலம் தேய்த்து நாலு நாள் கவனமாக இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த ஒருவருக்கு அதே வலி வந்தால், யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி வீட்டிலுள்ள எல்லோர் மனதிலும் எழும். ‘திரும்ப வந்துடுச்சோ?’

அந்தக் கேள்விக்கு விடை தேட டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளில் முக்கியமானது எலும்பு ஸ்கேன். கதிரியக்க மருந்தை ஊசி மூலம் ஏற்றி, அது எலும்பில் எங்கெல்லாம் சேர்கிறது என்று கேமரா வைத்துப் பார்க்கும் பரிசோதனை. ‘கதிரியக்கம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப் பேருக்குப் பயம் வந்துவிடும். மீதிப் பேருக்கு, ரிப்போர்ட்டில் ‘ஒன்பதாவது முதுகு முள்ளெலும்பில் மருந்து கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது’ என்ற வரியைப் படித்ததும் உலகமே இருண்டுவிடும்.

இரண்டு பயமும் அவசரப்பட்டவை. அதே சமயம், உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பலரும் ‘வயசானா காலு தளரத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுகிறார்கள். எலும்பு ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது, எப்போது அதற்காகக் காத்திருக்கவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால், பயப்படத் தேவையில்லாத இடத்தில் நிம்மதியாகவும், ஓட வேண்டிய நேரத்தில் வேகமாகவும் இருக்கலாம்.

முதுகெலும்பைத் தேடி வருவது ஏன்?

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு... இந்த ஐந்து இடங்களில் தொடங்கும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும் வாய்ப்பு அதிகம். எலும்புகளிலும் அவை அதிகம் பரவும் இடம் முதுகெலும்பு.

இதற்கான காரணத்தை 1889-லேயே யோசித்தவர் லண்டனைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். நோய் கண்ட இடத்துக்கெல்லாம் பரவவில்லை. கல்லீரல், எலும்பு போன்ற சில இடங்களையே அதிகம் பிடித்திருந்தது. புற்றுநோய் செல்களை விதையாகவும், அவை வளரும் உறுப்பை மண்ணாகவும் அவர் ஒப்பிட்டார். காற்று விதையை எங்கும் கொண்டுபோகும். ஆனால், தனக்கேற்ற மண்ணில்தானே அது முளைக்கும்? முள்ளெலும்புகளுக்குள் ரத்தம் ஊறும் சிவப்பு மஜ்ஜை பெரியவர்களான பிறகும் நிறைய இருக்கிறது. அந்த விதைக்கு அது நல்ல மண்.

இதற்கு ஒரு குறுக்குப் பாதையும் உண்டு. 1940-ல் அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஆஸ்கார் பேட்சன், முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலைப்பின்னல் பற்றி எழுதினார. கை, கால் சிரைகளில் ரத்தம் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வுகள் உண்டு. முதுகெலும்பைச் சுற்றிய சிரைகளில் அவை இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால், இடுப்புப் பகுதி ரத்தம் அந்த வலைக்குள் திரும்பிவிடும். புராஸ்டேட்டில் இருந்து கிளம்பும் செல்கள், நுரையீரல் பக்கமே போகாமல் நேராக முதுகெலும்புக்கு வந்து சேர்வதற்கு அவர் தந்த விளக்கம் இது.

எக்ஸ்-ரே போதாதா?

‘முதலில் ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துடலாமே’ என்று கேட்பது நியாயம்தான். செலவும் குறைவு. ஆனால், முள்ளெலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவிகிதம் வரை கரைந்த பிறகுதான் அரிப்பு எக்ஸ்-ரேயில் தெளிவாகத் தெரியும். வீட்டுத் தூணைக் கரையான் பாதி தின்ற பிறகு தெரிந்து என்ன பயன்? எக்ஸ்-ரே நார்மல் என்பதை வைத்து மட்டும், புற்றுநோய் வரலாறு உள்ளவரின் முதுகுவலியை ஒதுக்கிவிட முடியாது.

எலும்பு ஸ்கேன் இங்கேதான் கைகொடுக்கிறது. எக்ஸ்-ரே எலும்பின் வடிவத்தைக் காட்டும். எலும்பு ஸ்கேன், எலும்பு செய்துகொண்டிருக்கும் வேலையைக் காட்டும்.

எலும்பைப் பலரும் காய்ந்த கட்டை மாதிரி நினைக்கிறார்கள். அது உயிருள்ள திசு. அதில் பழையதை இடிக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் இரவு பகலாக வேலை பார்க்கின்றன. புற்றுநோய் ஓரிடத்தில் புகுந்து எலும்பைக் கெடுத்தால், பக்கத்தில் இருக்கும் எலும்பு சும்மா இருப்பதில்லை. பதறிப்போய் ரிப்பேர் வேலையை ஆரம்பிக்கும். கட்டட வேலைக்கு சிமென்ட் மாதிரி, அந்த வேலைக்கு பாஸ்பேட் வேண்டும். வேலை மும்முரமாக நடக்கும் இடம், பாஸ்பேட்டை அதிகமாக இழுத்துக்கொள்ளும்.

இந்த இயல்பைத்தான் மருத்துவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருளில், டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமத்தை ஒட்டி ரத்தத்தில் விட்டால், அது ரிப்பேர் நடக்கும் இடத்தில் போய் அதிகம் உட்காரும். அங்கிருந்து வெளிவரும் காமா கதிர்களைக் கேமரா பிடித்து, ‘இங்கே ஏதோ வேலை நடக்கிறது’ என்று படம் போட்டுக் காட்டும். பல நேரங்களில் எக்ஸ்-ரேயில் தெரிவதற்குப் பல வாரங்கள், ஏன் மாதங்கள் முன்பே இது தெரிந்துவிடும்.

டெக்னீஷியத்தைப் பாஸ்பேட் சேர்மத்துடன் இணைத்து எலும்பைப் படமெடுக்கும் முறையை 1971-ல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் பணியாற்றிய கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும். 1975-ல் அவர்களது குழு அதைவிட மேம்பட்ட எம்.டி.பி என்ற மருந்தை அறிமுகப்படுத்தியது. இன்றும் உலகெங்கும் எலும்பு ஸ்கேனுக்குப் பரவலாகப் பயன்படுவது அதுதான்.

தினமும் ‘பால் கறக்கும்’ மருந்து

டெக்னீஷியம், 1937-ல் இத்தாலியின் பலேர்மோ நகரில் எமிலியோ செக்ரே, கார்லோ பெரியர் இருவரும் அடையாளம் கண்ட தனிமம். மனிதன் செயற்கையாக உருவாக்கி அறிந்த முதல் தனிமம் அது என்பதால், கிரேக்க மொழியில் ‘செயற்கை’ என்று பொருள்படும் சொல்லில் இருந்து பெயர் வந்தது.

மருத்துவத்தில் பயன்படும் டெக்னீஷியம்-99எம்-ன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது, ஒவ்வொரு 6 மணி நேரத்துக்கும் அதன் வீரியம் பாதியாகும். காலை 10 மணிக்கு ஊசி போட்டால், மாலை 4 மணிக்குப் பாதி. மறுநாள் காலை 10 மணிக்குப் பதினாறில் ஒரு பங்கு. சிறுநீரில் வெளியேறுவது தனி. அதையும் சேர்த்துப் பார்த்தால் உடம்பில் மிஞ்சுவது இன்னும் குறைவு. நோயாளிக்கு இது நல்லது. ஆனால், இவ்வளவு வேகமாகத் தேயும் பொருளை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்திருக்க முடியாதே?

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99 தேயும்போது டெக்னீஷியம்-99எம் பிறக்கிறது. ஈயக் கவசம் போட்ட சிறிய ஜெனரேட்டரில் மாலிப்டினத்தை வைத்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதில் உப்புநீரைச் செலுத்தினால் டெக்னீஷியம் மட்டும் கரைந்து வெளியே வரும். அணு மருத்துவத் துறையில் இருப்பவர்கள் அந்த ஜெனரேட்டரைப் ‘பசு’ என்பார்கள். மருந்து எடுப்பதைப் ‘பால் கறப்பது’ என்பார்கள். கறந்தால் மறுபடி ஊறும். ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஒரு பசு தாங்கும்.

இந்த மாலிப்டினத்தில் பெரும்பகுதி, உலகில் உள்ள சில அணு உலைகளில்தான் தயாராகிறது. கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே மாதம் பழுதாகி, 2010 ஆகஸ்ட் வரை நின்றபோது, பல நாடுகளில் ஸ்கேன்களைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. ‘மருந்து வரலை, இரண்டு நாள் கழித்து வாங்க’ என்று ஸ்கேன் சென்டரில் சொன்னால், அது சாக்குப்போக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் நமக்காகத் தயாரித்த மருந்து வீணாகிவிடும் என்பதற்கும் இதுதான் காரணம்.

ஸ்கேன் நாளில் என்ன நடக்கும்?

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. வழக்கமான மாத்திரைகளையும் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. கை நரம்பில் ஒரு ஊசி போடுவார்கள். சி.டி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து வேறு, இது வேறு. உடம்பு சூடாகிற உணர்வெல்லாம் இருக்காது.

ஊசி போட்ட உடனே படம் எடுக்க மாட்டார்கள். மருந்து ரத்தத்தில் இருந்து எலும்புக்குப் போய்ச் சேர, சுமார் 2 முதல் 4 மணி நேரம் வேண்டும். அதுவரை நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். எலும்பில் சேராத மருந்து வெளியேறினால்தான் படம் தெளிவாக வரும். உடம்புக்குக் கதிர்வீச்சும் குறையும். இதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீர் அளவு கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

படம் எடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதில் இருக்கும் மருந்தே பளிச்சென ஒளிர்ந்து, பின்னால் இருக்கும் இடுப்பெலும்பை மறைத்துவிடும். பிறகு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ மாதிரி குகைக்குள் போகும் அனுபவம் இல்லை, சத்தமும் இல்லை. முதுகுவலியோடு அவ்வளவு நேரம் படுப்பதுதான் கஷ்டம். அதனால், வலி மாத்திரையை எந்த நேரத்தில் போட்டுக்கொண்டு வருவது என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சொல்ல மறக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. சமீபத்தில் வழுக்கி விழுந்தது, பழைய எலும்பு முறிவு, மூட்டு மாற்று ஆபரேஷன், பல் பிடுங்கியது, கதிர்வீச்சு சிகிச்சை எடுத்த இடம்... எல்லாவற்றையும் ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்ல வேண்டும். ஆறு மாதம் முன்பு பாத்ரூமில் விழுந்த பாட்டியின் விலா எலும்பு, படத்தில் புற்றுநோய் மாதிரியே ஒளிரலாம். பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால் கையோடு எடுத்துப் போவது, டாக்டருக்கு ரொம்பவே உதவும்.

பேரக்குழந்தையைத் தூக்கலாமா?

எலும்பு ஸ்கேனில் உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 4 மில்லிசீவர்ட். மண், பாறை, காற்று, விண்வெளி, உணவு என இயற்கையில் இருந்தே ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆக, இது ஒன்றரை, இரண்டு ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். தேவையுள்ளவருக்கு, நோயைத் தவறவிடுவதால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது.

வீட்டில் உள்ளவர்கள் ஒதுங்கி இருக்கத் தேவையில்லை. சேர்ந்து சாப்பிடலாம்; ஒரே அறையில் தூங்கலாம். கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதையும், கர்ப்பிணிகளோடு நெருக்கமாக நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதையும் மட்டும் அன்று ஒருநாள் தவிர்க்கலாம். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றி, கையை நன்றாகக் கழுவினால் போதும். அடுத்த ஓரிரு நாளில் விமானப் பயணம் இருந்தால், சில விமான நிலையங்களின் கதிர்வீச்சுக் கருவிகள் கண்டுகொள்ளக்கூடும். மருத்துவமனையில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கர்ப்பமாக இருப்பவர்கள், அப்படிச் சந்தேகம் உள்ளவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒளிரும் புள்ளியெல்லாம் புற்றுநோயா?

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். மருந்து புற்றுநோயைத் தேடிப் போகவில்லை. ரிப்பேர் நடக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. தெருவில் ஒரு வீட்டு வாசலில் மணலும் செங்கல்லும் குவிந்திருந்தால், உள்ளே வேலை நடக்கிறது என்று தெரியும். இடிந்த சுவரைக் கட்டுகிறார்களா, மாடி எடுக்கிறார்களா என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மூட்டுத் தேய்மானம் இருந்தால் ஒளிரும். எலும்பு அடர்த்தி குறைந்து முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் ஒளிரும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான சில ஹார்மோன் மாத்திரைகளும் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். கிருமித் தொற்று இருந்தாலும் ஒளிரும். காசநோய் இன்னும் பரவலாக இருக்கும் நம் நாட்டில், முதுகெலும்பைக் காசநோய் அரிப்பதும் உண்டு. அது மருந்தால் குணமாகக்கூடிய நோய். அதைப் புற்றுநோய் என்று நினைத்துவிட்டால் சிகிச்சையே தவறிப்போகும்.

அதனால், டாக்டர்கள் ஒரு புள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. முதுகெலும்பு, விலா, இடுப்பு என்று ஒழுங்கில்லாமல் பல இடங்களில் ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஒற்றைப் புள்ளி என்றால் அடுத்த பரிசோதனைக்குப் போவார்கள். ஸ்பெக்ட்-சி.டி என்ற முறையில், கேமரா உடம்பைச் சுற்றி வந்து எடுத்த படத்தை சி.டி படத்தின் மேல் பொருத்திப் பார்க்கலாம். ஒளிர்வது முள்ளெலும்பின் உடல் பகுதியா, பின்பக்கம் தேய்ந்துபோன சிறு மூட்டா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியும். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ எடுப்பார்கள். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், ஊசி வழியாகத் துளி எலும்பை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்சி.

இன்னொரு குழப்பமும் உண்டு. சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் ஸ்கேன் எடுத்தால், பழைய புள்ளிகள் இன்னும் பிரகாசமாகத் தெரியலாம். புதிய புள்ளிகள்கூட முளைத்தது போலத் தோன்றலாம். மருந்து வேலை செய்து, எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்வதால் ஏற்படும் பிரகாசமாகவும் அது இருக்கக்கூடும். ‘சிகிச்சை பலிக்கவில்லை’ என்று குடும்பமே இடிந்துபோய் மருந்தை நிறுத்திவிடுவதற்கு முன், டாக்டரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

ஸ்கேன் கோட்டைவிடும் இடங்கள்

தலைகீழான நிலைமையும் உண்டு. மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய், எலும்பை அரிக்கும். ஆனால் ரிப்பேர் வேலையை நடக்கவிடாது. வேலையே நடக்காத இடத்தில் மருந்து எப்படிச் சேரும்? அதனால் எலும்பு ஸ்கேனில் அது தெரியாமல் போகலாம். எலும்பை அரித்துக்கொண்டே போகும் சில சிறுநீரக, தைராய்டு புற்றுநோய்ப் பரவல்களும் இப்படித் தப்பிவிடலாம். பரவல் மஜ்ஜைக்குள் மட்டும் இருக்கும் ஆரம்பக் கட்டத்தில், எம்.ஆர்.ஐ இதைவிட நன்றாகக் காட்டும்.

இன்னொரு வினோதமும் உண்டு. நோய் எலும்புக்கூடு முழுக்கப் பரவிவிட்டால், எல்லா எலும்புகளும் ஒரே மாதிரி ஒளிரும். அனுபவம் இல்லாத கண்ணுக்கு அது அழகான, சுத்தமான படமாகத் தோன்றும். மருந்தை எல்லாம் எலும்பே இழுத்துக்கொண்டதால் சிறுநீரகங்கள் மங்கித் தெரிவதை வைத்து, தேர்ந்த மருத்துவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது பெட்-சி.டி பரிசோதனைகளும் வந்துவிட்டன. புற்றுநோய் செல் சர்க்கரையை அதிகம் உண்பதைப் பயன்படுத்திக் கண்டுபிடிக்கும் எஃப்.டி.ஜி பெட், புராஸ்டேட் புற்றுநோய் செல்லின் மேல் இருக்கும் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் பி.எஸ்.எம்.ஏ பெட் போன்றவை எலும்பின் வேலையைப் பார்ப்பதோடு நிற்பதில்லை; நோயின் தடத்தையே தேடுகின்றன. புராஸ்டேட் விஷயத்தில் பி.எஸ்.எம்.ஏ பெட், எலும்பு ஸ்கேனைவிட நுட்பமானது. ஆனால் செலவு அதிகம். எல்லா ஊரிலும் கிடையாது. எந்தப் புற்றுநோய்க்கு எது பொருத்தம் என்பதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எல்லோருக்கும் எலும்பு ஸ்கேன் தேவையும் இல்லை. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய், ஆபத்து குறைந்த ஆரம்ப நிலை புராஸ்டேட் புற்றுநோய் ஆகியவற்றில், எலும்புவலி போன்ற அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இந்த ஸ்கேனை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே அறிவுறுத்தியது. பரவல் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவரிடம் தேடினால், தேய்மானப் புள்ளிகள்தான் அகப்படும். அதைத் தொடர்ந்து இன்னொரு ஸ்கேன், பயாப்சி, தூக்கமில்லாத இரவுகள்.

காத்திருக்கவே கூடாத நேரம்

இதுவரை சொன்னதில் எதை மறந்தாலும், இந்தப் பகுதியை மறக்கக் கூடாது.

முள்ளெலும்பில் பரவிய நோய் வளர்ந்தாலோ, அந்த எலும்பு நொறுங்கினாலோ, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கும். கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மூளையில் இருந்து கட்டளை போகும் பாதை அது. அடைபட்டால் கால் விழுந்துவிடும். இந்த ஆபத்து, கழுத்தையும் இடுப்பையும்விட நடுமுதுகில்தான் அதிகம் நடக்கிறது.

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அவர்கள் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

நாளுக்கு நாள் கூடும் முதுகுவலி. முக்கியமாக, படுத்தால் அதிகரித்துத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி.

இருமினால், தும்மினால், மலம் கழிக்க முக்கினால் சுரீரென்று ஏறும் வலி.

நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை போட்டு இறுக்குவது போன்ற வலி.

கால்கள் பலவீனமாவது, மாடிப்படி ஏறத் தடுமாறுவது, செருப்பு கழன்று போவதே தெரியாமல் நடப்பது.

கால்களிலோ, உட்காரும் பகுதியிலோ மரத்துப்போவது.

சிறுநீர் போக முடியாமல் திணறுவது, அல்லது சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது.

இவற்றில் வலி மட்டும் இருந்தால், சிகிச்சை அளித்த புற்றுநோய் மருத்துவரிடம் உடனே சொல்லி, அந்த வாரத்துக்குள்ளேயே பரிசோதித்துவிட வேண்டும். கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர்ப் பிரச்னை இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அவசர சிகிச்சைக்கான நேரம். அப்போது தேவை எலும்பு ஸ்கேன் இல்லை. முதுகெலும்பு முழுவதற்குமான எம்.ஆர்.ஐ. அதை 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்கின்றன பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிகள். ‘திங்கட்கிழமை ஓ.பி-க்குப் போகலாம்’, ‘எலும்பு ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட் வெள்ளிக்கிழமை’ என்று காத்திருக்கக் கூடாது.

காரணம் எளிமையானது. சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர், பிறகும் நடக்கும் வாய்ப்பு அதிகம். கால் முழுவதும் விழுந்த பிறகு வருபவருக்கு அது மீள்வது மிகவும் கடினம். 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், புற்றுநோய் பரவி தண்டுவடம் நசுங்கிய 101 பேர் பங்கேற்றார்கள். அறுவை சிகிச்சை செய்து, பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவிகிதம் பேர் நடக்க முடிந்தது; கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவிகிதம் பேர். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை பொருந்தாது. ஆனால், நேரத்தோடு வந்தால்தான் எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று யோசிக்கவாவது அவகாசம் இருக்கும்.

இந்த அறிகுறிகள் இருக்கும்போது, சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி முதுகை மிதிக்கச் சொல்வது, எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது, இடுப்பை இழுத்துவிடுவது எதுவும் கூடவே கூடாது. உள்ளே அரித்திருக்கும் எலும்பு அந்த அழுத்தத்தில் நொறுங்கலாம். மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போதும் முடிந்தவரை படுக்கவைத்தபடியே கொண்டுபோவது பாதுகாப்பு.

பரவியிருப்பது உறுதியானால்?

எலும்புக்குப் பரவிய நோயை முழுவதுமாக விரட்டுவது பெரும்பாலும் இயலாது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால், கட்டுக்குள் வைத்து, வலியில்லாமல், நடமாடிக்கொண்டு வாழ வைக்க இன்று நிறைய வழிகள் இருக்கின்றன. மார்பகம், புராஸ்டேட் புற்றுநோய்களில் எலும்புப் பரவலோடு பல ஆண்டுகள் தங்கள் வேலைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு.

ஓரிடத்து வலிக்குப் பல நேரங்களில் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே நல்ல நிவாரணம் கிடைக்கும். எலும்பை உறுதிப்படுத்த ஜோலட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற ஊசிகள் உண்டு. அவற்றைத் தொடங்கும் முன் பல் டாக்டரிடம் காட்டி, சொத்தைப் பல் சிகிச்சைகளை முடித்துவிட வேண்டும். சிலருக்குத் தாடை எலும்பைப் பாதிக்கும் பக்கவிளைவு இருப்பதால் இந்த முன்னெச்சரிக்கை. ஹார்மோன் சிகிச்சை, கீமோதெரபி, நொறுங்கிய எலும்புக்குள் சிமென்ட் செலுத்தி வலுப்படுத்துவது என்று நோயாளிக்கு ஏற்றபடி சிகிச்சை அமையும்.

நோயைக் காட்டிக் கொடுக்கும் அதே வழியில் மருந்தையும் அனுப்புகிறார்கள். சமேரியம்-153, ஸ்ட்ரான்ஷியம்-89, ரேடியம்-223 போன்ற கதிரியக்க மருந்துகள், ரிப்பேர் நடக்கும் எலும்பைத் தேடிப்போய் அங்கேயே தங்கி, குறுகிய தூரத்துக்கு மட்டும் கதிர்களை வீசும். முன்னவை இரண்டும் வலியைத் தணிக்கின்றன. எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயாளிகள் சிலருக்கு ரேடியம்-223 ஆயுளையும் நீட்டிக்கிறது.

எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னால் பயப்படாமல் எடுக்கலாம். ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால், ‘இது வேறு என்னவாக இருக்கலாம், எப்படி உறுதிசெய்வது?’ என்று டாக்டரிடம் கேட்கலாம். ஸ்கேன் நார்மல் என்று வந்தும் வலி கூடிக்கொண்டே போனால், ‘அதுதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் மறுபடி போய்ச் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் அம்மா, ‘காலு மரத்த மாதிரி இருக்கு, எந்திரிக்க முடியலை’ என்று சொன்னால், விடியட்டும் என்று பார்க்காமல் அப்போதே வண்டியை எடுக்க வேண்டும்.